கரி பஸ் முதல் எவர்சில்வர் டேங்க் வரை

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் மண்டகப்பட்டு என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு பாறைக்குன்று. அதைக் குடைந்து, 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஒரு கோவில் எடுத்தான். உள்ளே பிரம்மா, ஈசன், திருமால் மூவருக்கும் மூன்று கருவறைகள். வாசலில் இரண்டு துவாரபாலகர்கள். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுதான் இந்தக் கோவிலின் புகழுக்குக் காரணம். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் விசித்திரசித்தன் என்னும் மன்னன் இந்தக் கோவிலைச் செய்வித்தான் என்பது அதன் பொருள். விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்களில் ஒன்று. புதுமையில் நாட்டம் கொண்டவன் என்று பொருள் கொள்ளலாம்.

இந்த நான்கையும் ஏன் விலக்கினான் என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் ஊகிப்பது கடினமல்ல. செங்கல் உதிரும், மரத்தைச் செல் அரிக்கும், சுதை காரை பெயர்ந்து விழும், இரும்பு துருப்பிடிக்கும். நிலைத்து நிற்க வேண்டுமென்றால் கல்தான் வழி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உலோகமே இல்லாத அந்தக் கோவிலைக் குடைய இரும்பு உளி வேண்டியிருந்தது. கோவில் நிற்கிறது, உளிகள் எல்லாம் துருவாகி மண்ணோடு போய்விட்டன!

சரி, பல்லவர் கோவிலுக்கும் காரின் டேங்குக்கும் என்ன சம்பந்தம்? துருதான் சம்பந்தம். மகேந்திரன் துருப்பிடிக்கும் பொருளை ஒதுக்கிவிட்டுப் பாறையைப் பிடித்துக்கொண்டான். கார் செய்பவனுக்கு அந்த வசதி இல்லை. அவனுக்குத் தகடு வேண்டும். அந்தத் தகட்டுக்குள் தண்ணீரோ, பெட்ரோலோ, சூடான வாயுவோ ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் எவர்சில்வர் தகட்டில் தனியாக டேங்க் செய்து மாட்டுவது இன்று சாதாரணமாகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டுப் பட்டறைகள் வண்டிகளுக்குத் தகட்டுக் கலங்களை அளவெடுத்துச் செய்யத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

1840-ல் சென்னையில் குதிரை வண்டிகள் கட்டும் நிறுவனமாகத் தொடங்கியது சிம்சன். அங்கே பணிபுரிந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். நீராவிக் கார் என்றாலே பாதி வேலை கலம் செய்வதுதான். கொதிகலன் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, எரிபொருளுக்கு ஒன்று. கடையில் வாங்க உதிரி பாகம் எதுவும் கிடையாது. குதிரை வண்டிக்கு இரும்புப் பட்டை அடித்த கைகள்தான் அழுத்தம் தாங்கும் கலத்தையும் செய்தன. நீராவிக் கார் நம்மூரில் நிலைக்கவில்லை, பெட்ரோல் வண்டிகள் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன.

அந்தப் பெட்ரோலுக்கே ஆபத்து வந்தபோதுதான் உண்மையான கதை தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. பின்வாங்கிய ஆங்கிலேயர்கள் ஏனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளைத் தாங்களே நாசமாக்கிவிட்டுத்தான் போனார்கள். அதுவரை பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. இருந்த பெட்ரோல் ராணுவத்துக்குப் போனது. சென்னை மாகாணத்தின் பஸ்களும் லாரிகளும் என்ன செய்வது?

பதில் கரியில் இருந்தது. இந்த வித்தை ஐரோப்பாவிலிருந்து வந்தது. பிரான்சில் ஜார்ஜ் இம்பர்ட் 1920-களிலேயே மரத்தை வாயுவாக்கி வண்டி ஓட்டும் கலத்தை உருவாக்கியிருந்தார். போர்க்காலத்தில் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகள் இப்படித்தான் ஓடின. நம்மூரில் மதுரையின் டி.வி. சுந்தரம் அய்யங்கார் இந்தத் தேவையைப் பார்த்து "டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்" என்ற கலத்தை வடிவமைத்துத் தயாரித்தார். 1911-ல் தொடங்கி பஸ் நடத்தி வந்த நிறுவனம் அது. பஸ் நின்றுபோனால் என்ன ஆகும் என்பது மற்ற எவரையும்விட அவருக்குத் தெரியும்.

கரி பஸ்ஸின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு உருளை நிற்கும். மேலே மூடி. அதைத் திறந்து மரக்கரியைக் கொட்ட வேண்டும். அடியில் சல்லடை. கீழே தீயை வைத்து, கையால் சுற்றும் ஊதுகாற்றாடியைக் கிளீனர் சுற்றுவார். கனன்று எரியும் இடத்தில் வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டும். அங்கே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, சிவக்கக் காய்ந்த கரியின் வழியே போகும்போது கார்பன் மோனாக்சைடாக மாறும். கரியில் உள்ள ஈரம் கொஞ்சம் ஹைட்ரஜனையும் தரும். இரண்டும் எரியும் வாயுக்கள். அவற்றைக் குழாய் வழியாகக் கொண்டுபோய்க் குளிரவைத்து, சாம்பலை வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விட்டால் வண்டி ஓடும்.

ஓடும் என்பதை விட நகரும் என்பதே பொருத்தம். இந்த வாயுவில் பாதிக்கு மேல் எதற்கும் உதவாத நைட்ரஜன். அதனால் எஞ்சினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் போய்விடும். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ கரி வேண்டும். காலையில் வண்டியைக் கிளப்பவே கால் மணி நேரம் ஊத வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளை அந்தக் காலத்துப் பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். கிளீனர் என்ற வேலைக்கு அன்று இருந்த மதிப்பே வேறு. அவர் ஊதவில்லை என்றால் ஓட்டுநர் வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கலம் செய்வது எளிதாகத் தோன்றும். ஆனால் அது மூன்று எதிரிகளோடு போராட வேண்டும். முதலாவது வெப்பம். சாதாரண இரும்புத் தகடு அந்தச் சூட்டில் செதில் செதிலாக உரிந்து ஓட்டையாகும். அதனால் நெருப்பு இருக்கும் பகுதிக்குள் சூளைச் செங்கல் போன்ற பூச்சு வைத்தார்கள். (மண்டகப்பட்டில் விலக்கிய செங்கல் இங்கே திரும்பி வந்துவிட்டது!) இரண்டாவது ஈரம். வாயு குளிரும்போது நீர் திவலையாகப் படியும். குளிர்விக்கும் குழாய்களையும் வடிகட்டிப் பெட்டியையும் அது உள்ளிருந்தே அரித்துத் தின்னும். மூன்றாவது எதிரி இவை இரண்டையும்விடக் கொடியது. அந்த வாயுவில் கால் பங்குக்கு மேல் கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு இணைப்பில் விரிசல் விட்டாலோ, மூடிய கொட்டகைக்குள் வண்டியைக் கிளப்பினாலோ ஆளையே கொல்லும். ஐரோப்பாவில் இப்படி விஷமேறியவர்கள் ஏராளம். ஆக, தகட்டில் விழும் ஒரு துரு ஓட்டை அன்றைக்கு வெறும் செலவுக் கணக்கு மட்டும் அல்ல, உயிர்க் கணக்கும்தான்.

போர் முடிந்து பெட்ரோல் மெல்லத் திரும்பி வந்ததும் கரிக் கலங்களைக் கழற்றிப் போட்டார்கள். பெரும்பாலானவை பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஆனால் தகட்டை வளைத்து, காற்றுப் புகாமல் பற்றவைத்து, வண்டியின் அளவுக்குப் பொருத்தும் பழக்கம் பட்டறைகளில் தங்கிவிட்டது.

இப்போது எவர்சில்வருக்கு வருவோம். 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளர் துப்பாக்கிக் குழல்கள் தேய்ந்து போகாமல் இருக்க ஒரு எஃகைத் தேடிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு அமிலத்துக்கும் அசையாமல் இருப்பதைக் கண்டார். துப்பாக்கிக்குத் தேடியது சாப்பாட்டு மேசைக் கத்திக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெர்மனியில் குருப் நிறுவனத்தார் அதற்கு முன்பே நிக்கலும் குரோமியமும் கலந்த வகைக்கு வழி கண்டிருந்தார்கள். 1924-ல் ஹாட்ஃபீல்டு என்பவர் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்து உருவாக்கியதுதான் இன்று நம் வீட்டுத் தட்டு டம்ளரில் இருப்பதன் மூதாதை.

இதன் ரகசியம் எளிது. குரோமியம் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகிவிடுகிறது. கீறினாலும் அந்தப் படலம் தானே மூடிக்கொள்ளும். இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே வழி விடுகிறது. குரோமியத்தின் "துரு"வோ கதவைச் சாத்திவிடுகிறது.

தமிழர்கள் இதற்கு வைத்த பெயர் எவர்சில்வர். என்றும் வெள்ளி! ஆங்கிலச் சொற்கள் இரண்டைச் சேர்த்துக்கொண்டு நாமே பயன்படுத்தும் பெயர் இது, ஆங்கிலேயருக்குச் சொன்னால் புரியாது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று தெருவில் கூவிய வியாபாரிகளும், குடத்தின் கழுத்தில் பெயர் வெட்டிக் கொடுத்த கல்யாணச் சீர்வரிசையும் இந்த உலோகத்தைத் தமிழ் வீட்டின் அங்கமாக்கின. பித்தளைக்கு ஈயம் பூச வந்தவர்களின் பிழைப்பு இதனால் போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உருக்காலைக்கான போராட்டமும் இதே காலத்தில்தான். சேலத்துக்கு உருக்காலை வேண்டும் என்று 1967-ல் அண்ணா எழுச்சி நாள் நடத்தினார். 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலை அடிவாரத்தில், அந்த மலையின் இரும்புத் தாதை நம்பிக் கேட்ட ஆலை அது. கடைசியில் 1981-ல் உற்பத்தி தொடங்கியபோது அது வேறிடத்திலிருந்து வந்த எவர்சில்வர் சுருளை மெல்லிய தகடாக உருட்டும் ஆலையாக இருந்தது. கஞ்சமலைத் தாது மலையிலேயே இருக்கிறது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் கிடைத்தது சின்ன விஷயம் அல்ல. 1988-ல் வந்த 25 காசு, 50 காசு எவர்சில்வர் நாணயங்கள் நினைவிருக்கிறதா? பின்னாளில் நாணயத்துக்கான வில்லைகளையும் சேலம் ஆலை வெட்டிக் கொடுத்தது. ஓட்டல் சாமான்கள், பால் கேன்கள், கோவில் உண்டியல்கள் செய்யும் பட்டறைகளுக்குத் தகடு கைக்கெட்டும் தூரத்தில் வந்தது.

கார் பக்கம் திரும்பினால், சொந்தமாக வண்டி செய்யும் ஆசையில் கோவைக்கு நிகர் இல்லை. ஜி.டி. நாயுடு 1952-ல் 2000 ரூபாய் விலையில் இருவர் அமரும் காரைச் செய்து காட்டினார், அரசு உரிமம் தரவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளம் 1950-களில் பந்தயக் களமானது. வீட்டுக் காரையே பிரித்து, எடை குறைத்து, டேங்கை மாற்றிக்கொண்டு வந்து ஓட்டியவர்கள் அங்கே உண்டு. கோவையைச் சேர்ந்த கரிவர்தன் ஒரு படி மேலே போய், 1980-களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைத் தன் பட்டறையில் கட்டினார். பார்முலா மாருதி என்று பெயர். நரேன் கார்த்திகேயன் உட்படப் பலர் ஆரம்ப காலத்தில் ஓட்டிப் பழகிய வண்டி அது. கரிவர்தன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பந்தயக் காரில் டேங்க் என்பது பயங்கரமான பொருள். ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் பல லிட்டர் பெட்ரோல். மோதலில் வெறும் தகடு கிழிந்தால் அவ்வளவுதான். அதனால்தான் 1970 முதல் பார்முலா ஒன் கார்களில் கிழியாத ரப்பர் பை போன்ற உள்கலம் கட்டாயமானது. எவர்சில்வர் துருவை வெல்லும், மோதலை வெல்லாது. இதை மறந்துவிட்டுப் பளபளப்புக்கு மயங்குகிறவர்கள் அதிகம்.

பந்தயம் ஓடாத, பழைய காரை மட்டும் உயிர்ப்பிக்க நினைப்பவரின் சிக்கல் வேறு. சென்னை வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை எடுத்துக்கொள்வோம். 1961-ல் வந்தது. அதன் வழியில் 1972-ல் கெசல் வந்தது. அந்த நிறுவனமே 1980-களின் இறுதியில் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஹெரால்டின் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும் விசித்திரமான வடிவம். துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் புதிது எங்கே கிடைக்கும்? புதுப்பேட்டையில் தேடினால் கிடைப்பதும் அதே வயதுள்ள, அதே துரு பிடித்த இன்னொன்றுதான்.

இந்தச் சிக்கலை அண்மைக்காலம் கூர்மையாக்கியிருக்கிறது. 2023-ல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமாகி, 2025-ல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஈரம் அளவு மீறினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பழைய டேங்குகள் உள்ளே ஈயமும் வெள்ளீயமும் பூசிய இரும்பு. பூச்சு போன இடத்தில் துரு தொடங்கும், துகள் கார்புரேட்டரின் ஊசித்துளைக்குள் போய் அடைக்கும், வண்டி நடுரோட்டில் நிற்கும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஓடும் பழைய காருக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். எவர்சில்வர் டேங்க் இங்கே அலங்காரம் அல்ல, தேவை.

செய்யும் முறை கரி பஸ் காலத்திலிருந்து அதிகம் மாறவில்லை. முதலில் அட்டையில் மாதிரி வெட்டி இடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். 60 செ.மீ. நீளம், 40 அகலம், 18 உயரம் என்றால் 43 லிட்டர் பிடிக்கும். 1.2 மி.மீ. எவர்சில்வர் தகட்டில் வெறும் பெட்டியே 8 கிலோ வரும். 2 மி.மீ. அலுமினியத்தில் செய்தால் நாலரை கிலோதான். அதனால் எடைக்கு ஏங்குபவர்கள் அலுமினியத்துக்குப் போகிறார்கள். உள்ளே குறுக்கே தடுப்புத் தகடுகள் வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் திரும்பும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி எஞ்சின் மூச்சுத் திணறும், ஓரத்துப் பற்றுகளில் விரிசலும் விழும். காற்றுப் போக ஒரு துளை, அடியில் வடிகால் திருகு, அளவு காட்டும் மிதவைக்கு ஒரு வாய். பிறகு ஆர்கான் வெல்டிங்.

இந்த வெல்டிங்கில்தான் கைதேர்ந்தவரும் அரைகுறையும் பிரிவது. எவர்சில்வர் சூட்டை எளிதில் கடத்தாது. சூடு ஒரே இடத்தில் தங்கித் தகட்டை முறுக்கிவிடும். அதிகம் காய்ந்தால் குரோமியம் கரிமத்தோடு சேர்ந்துகொண்டு அந்த ஓரத்தில் பாதுகாப்புப் படலம் இல்லாமல் போகும். பிறகு துருப்பிடிக்காத டேங்க் பற்றுவாயில் மட்டும் துருப்பிடிக்கும்! அதற்காகத்தான் கரிமம் குறைந்த 304 எல் தகட்டைக் கேட்டு வாங்குகிறார்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று பாத்திரக் கடையில் சொல்வது இங்கே உதவாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு வகையிலும் காந்தம் ஒட்டாது.

ரேடியேட்டரின் கூலன்ட் டேங்கிலும் இதே கவனம் வேண்டும். மூடி சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தாங்கினால் தண்ணீர் 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். அந்த அழுத்தத்தில் பற்று விட்டால் முகத்தில் அடிப்பது நீராவி. உப்பு கலந்த போர் தண்ணீரை ஊற்றினால் எவர்சில்வரிலும் குண்டூசித் துளைகள் விழும், ஏனென்றால் குளோரைடுதான் அந்தப் படலத்தின் சத்துரு. பிரேக் ஆயிலுக்கு எவர்சில்வர் கலம் வைப்பது மட்டும் வீண் ஆடம்பரம். அளவு வெளியே தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக்கே நல்லது.

புது டேங்க் செய்வதைவிட ஆபத்தானது பழைய டேங்கைப் பற்றவைப்பது. காலியான பெட்ரோல் டேங்க் காலியாக இருப்பதில்லை, அதில் ஆவி நிறைந்திருக்கிறது. தீப்பொறி பட்டால் குண்டு போல வெடிக்கும். விவரம் தெரிந்த வெல்டர்கள் டேங்கைப் பலமுறை கழுவி, பற்றவைக்கும் இடம் மட்டும் வெளியே தெரியும்படி தண்ணீரை நிரப்பிக்கொண்டுதான் கைவைக்கிறார்கள். கழுவாமல் கைவைத்து உயிரை விட்டவர்கள் பற்றிய செய்தி நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரியாக அவ்வப்போது வருவதுண்டு.

சட்டமும் இதில் தலையிடுகிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. துருப்பிடித்த டேங்குக்குப் பதிலாக அதே இடத்தில், அதே கொள்ளளவில் இன்னொன்றைப் பொருத்துவது வேறு. டிக்கி முழுவதையும் அடைத்து 100 லிட்டர் டேங்க் வைப்பது வேறு. அதனால் பழைய கார் வைத்திருப்பவர்களில் முன்யோசனை உள்ளவர்கள், ஓட்டை விழுந்த அசல் டேங்கைப் பழைய இரும்புக்குப் போடுவதில்லை. ஆய்வாளர் கேட்டால் காட்டுவதற்காக, அதைக் கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவி, கொட்டகையில் ஒரு மூலையில் வைத்திருக்கிறார்கள்.